ஆறு சத்தங்கள்

11-2-2024, ஞாயிறு

காது கேட்காத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்கும் ஜெயசீலி டீச்சர் இந்த நோட்டைக் கையில் கொடுத்து, "தினமும் எழுதோணுங்க ஓவியா அப்பா. பாப்பா எதுக்குத் திரும்பினா, எதுக்குத் திரும்பலைன்னு. ரெண்டு வரியாச்சும் எழுதுங்க" என்றார். நான் ப்ளஸ் டூ வரை படித்தவன். ரெண்டு வரிக்கு மேலேயே எழுதுவேன்.

முதலில் விவரம். என் பெயர் செங்கோட்டுவேல். பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். மகள் ஓவியா, வயது ஒன்று, மாதம் ஒன்று. பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது. எங்கள் வீடு தறிப்பட்டறையை ஒட்டிய லைன் வீடு. பதினாறு தறி ஓடினால் சுவரில் மாட்டிய காலண்டரே ஆடும். அந்தச் சத்தத்தில் தொட்டிலில் அசையாமல் தூங்குவாள். "எங்க பாப்பா என்ன சமத்து" என்று எட்டு மாதம் பெருமையடித்துக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இப்போது எனக்கே என்னை நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

புதன்கிழமை கோயம்புத்தூரில் ஆபரேஷன். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு கருவி வைத்து, உள்காதுக்குள் மெல்லிய கம்பி ஒன்றை விடுவார்கள். வெளியே காதில் மாட்டுவதற்கு ஒரு மிஷின். அதிலிருந்து வயர் போய், காந்தம் வைத்த வட்டம் ஒன்று தலையில் ஒட்டிக்கொள்ளும். அதற்குக் காயில் என்று பெயர். டாக்டர் தாளில் வரைந்தே காட்டினார். "கருவி வச்ச உடனே கேட்டுடாது. கேட்கப் பழக்கணும். மூணு வயசுக்குள்ள பழக்கினாத்தான் பேச்சு நல்லா வரும். ஒவ்வொரு மாசமும் முக்கியம்" என்றார்.

சரி, பழக்கிவிடுவோம். ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் வடக்கேயிருந்து வந்து இறங்கியவர்களுக்கே பத்து நாளில் தறி பழக்கியவன் நான்.

14-2-2024

ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்றே காலுக்கு முடிந்தது. மூன்றே முக்கால் மணி நேரமும் ஜோதிமணி அழுதாள். ஜோதிமணி என் மனைவி, என் அத்தை மகள். "சொந்தத்துல கட்டினீங்களா?" என்று எங்களைக் கேட்காத டாக்டர் பாக்கியில்லை.

நர்ஸ் கதவைத் திறந்து இரண்டு தடவை கூப்பிட்டாராம். நான் கவனிக்கவில்லை. ஜோதி சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் எழுந்தேன். இந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஏன்தான் ரகசியம் பேசுவதுபோலவே பேசுகிறார்களோ தெரியவில்லை.

பாப்பா தலையில் வெள்ளைக் கட்டு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் முஷ்டியை மோவாயில் இடித்தாள். எங்கள் பட்டறைச் சைகையில் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். தறிக்காரன் மகள் அல்லவா.

7-3-2024, வியாழன்

இன்று மிஷினை ஆன் செய்தார்கள். பாப்பா சிரிப்பாள் என்று நினைத்து வீடியோ எடுக்கச் செல்போனைத் தயாராக வைத்திருந்தேன். அவள் பொம்மையைக் கீழே போட்டாள், திருதிருவென்று விழித்தாள், அப்புறம் வீறிட்டாள். ஜோதி பதறினாள். டீச்சர், "இது நல்ல அழுகைங்க. ஏதோ கேட்டிருக்குது" என்றார்.

பிறகு எங்களுக்குப் பாடம். காலையில் எழுந்ததும் பெற்றோர் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, மிஷினில் ஒரு சின்ன இயர்போனைச் செருகி, நம் காதில் வைத்து, மைக் தெளிவாக வேலை செய்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு, பாப்பாவுக்கு மாட்டிவிட்டு, பின்னால் உட்கார்ந்து, வாயை மறைத்துக்கொண்டு ஆறு சத்தம் சொல்ல வேண்டும்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். பேச்சில் உள்ள தடித்த சத்தம், மெல்லிய சத்தம் எல்லாம் இந்த ஆறுக்குள் அடங்கிவிடுமாம். எது கேட்டது, எது கேட்கவில்லை என்று நோட்டில் டிக் போட வேண்டும்.

"ரெண்டு பேருமே பாக்கலாமுங்க மாமா" என்றாள் ஜோதி.

"ஒரு மிஷினுக்கு ரெண்டு மேஸ்திரி ஆகாது புள்ள. இது என் டிபார்ட்மெண்ட்" என்றேன். பதினைந்து வருஷமாகத் தறியோடு மாரடிக்கிறேன். தறிச் சட்டத்தில் கையை வைத்தாலே எந்தத் தறிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன்.

8-3-2024

இயர்போன் சரி. ஆறு சத்தமும் சொன்னேன். எதற்கும் திரும்பவில்லை.

19-3-2024

இயர்போன் சரி. எதற்கும் திரும்பவில்லை. நான் விடுவதாக இல்லை.

6-4-2024

டீச்சரிடம் இன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். காரணம் எங்கள் பட்டறைப் பாஷை.

தறி ஓடும்போது வாய்ப்பேச்சு எடுபடாது. அதனால் எங்களுக்குக் கைதான் பேச்சு. முஷ்டியை மோவாயில் இடித்தால் தண்ணீர். இரண்டு விரலை ஒட்டிப் பிரித்தால் இழை அறுந்துவிட்டது. தோளைத் தட்டினால் முதலாளி வருகிறார். என்னோடு பக்கத்துத் தறி ஓட்டும் மாதப்பண்ணனும் நானும் பன்னிரண்டு மணி நேரம் சளைக்காமல் ஊர்க்கதை பேசுவோம், ஒரு சத்தம் வெளியே வராது. பாப்பா தவழத் தொடங்கியதிலிருந்து என்னைப் பார்த்துப் பார்த்தே பத்துப் பன்னிரண்டு சைகை பிடித்துக்கொண்டாள்.

"கை பேசறது தப்பில்லீங்க. ஆனா இந்த ஒரு வருஷம் காதுக்கு வாய்ப்புக் குடுங்க. கையிலயே எல்லாம் கிடைச்சா அவ எதுக்குக் காதைத் தீட்டுவா?" என்றார் டீச்சர்.

சாயங்காலம் பாப்பா முஷ்டியை மோவாயில் இடித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தண்ணி. தண்ணி வேணுமா?" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இடித்து இடித்து அவள் மோவாய் சிவந்துவிட்டது. ஜோதி உள்ளே போய்விட்டாள். நாலு நிமிஷம் கழித்துத்தான் டம்ளரைக் கொடுத்தேன். நாளைக்கும் இப்படித்தான் செய்வேன்.

2-6-2024

"ஆ" என்றேன். திரும்பிவிட்டாள்!

தற்செயல் என்று நினைத்து மறுபடி சொன்னேன். மறுபடி திரும்பினாள். ஜோதியைக் கூப்பிட்டு அவளையும் சொல்லச் சொன்னேன். அதற்கும் திரும்பினாள். பட்டறைக்குள் ஓடி, தறியை நிறுத்தாமலேயே மாதப்பண்ணனுக்குக் கையால் சொன்னேன். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

18-7-2024

ஆ, ஊ, ம் மூன்றும் கெட்டி. "ஈ" சில நாள் உண்டு, சில நாள் இல்லை.

வீட்டில் டிவிச் சண்டை. நான் வைக்கும் சத்தத்தில் பாப்பாவுக்குப் பேச்சே எடுபடாது என்கிறாள் ஜோதி. அவள் வைக்கும் சத்தத்தில் எறும்புக்குத்தான் செய்தி கேட்கும். சரி, டிவியே வேண்டாம் என்று பரண் மேல் ஏற்றிவிட்டேன்.

இன்னொன்று. பேட்டரி தீரும்போது மிஷின் பீப் பீப் என்று கத்தும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நம்முடையதில் அப்படி ஒரு சத்தமே கிடையாது. கம்பெனிக்காரர்கள் எழுதுவதெல்லாம் அப்படியே நடக்கவா போகிறது?

9-9-2024, திங்கள்

ஆறும் முடிந்தது! ஈ, ஷ் இரண்டும் போன மாதமே வந்துவிட்டன. இன்று பயிற்சி மையத்தில் டீச்சர் ஸ் சொன்னதற்கும் திரும்பினாள். அதுதான் எல்லாவற்றிலும் மெல்லிய சத்தமாம். வீட்டிலும் சொல்லிப் பார்த்தேன், திரும்பினாள். ஆறு டிக் போட்டேன்.

பேச்சும் வருகிறது. "ப்பா", "ம்மா", "தண்ணீ". ஈரோடு பாலத்தில் பஸ் போகும்போது, ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "தண்ணீ, தண்ணீ, தண்ணீ" என்று காவிரியைப் பார்த்துக் கத்தினாள். பஸ்ஸில் ஒரு அம்மா தன் பாட்டிலை நீட்டிவிட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

31-10-2024, தீபாவளி

எதிர் வீட்டில் சரவெடி வைத்தார்கள். ஊரே காதைப் பொத்தியது. என் மகளும் பொத்தினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டேன்.

22-11-2024

பொங்கலுக்கான வேட்டி ஆர்டர் வந்து குவிந்துவிட்டது. பட்டறையில் பஞ்சு மழைபோலப் பறக்கிறது. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால் தலை, மீசை, சட்டை எல்லாம் வெள்ளை. பாப்பா, "ப்பா" என்று ஓடிவந்து தோளில் ஏறிக்கொள்கிறாள், என் கழுத்தில் முகத்தைப் புதைக்கிறாள். குளித்துவிட்டுத் தூக்கச் சொல்கிறாள் ஜோதி. பிள்ளை கையை நீட்டும்போது எவன் குளிக்கப் போவான்?

2-12-2024

இயர்போன் சரி. ஆ, ஊ, ம் உண்டு. ஸ் இல்லை. விளையாட்டுப் புத்தி.

9-12-2024

இயர்போன் சரி. ஷ், ஸ் இரண்டும் இல்லை. ஈ சந்தேகம். காயிலைத் தலையிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறாள். மாட்டிவிட்டால் மறுபடி பிடுங்குகிறாள். புதுசாகப் பிடிவாதம் முளைத்திருக்கிறது. துணியில் பட்டை தைத்துத் தலையைச் சுற்றிக் கட்டச் சொன்னேன். ஜோதி தைத்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

16-12-2024

இன்றும் அதே கதை. பட்டையை இழுத்து, காயிலைப் பிடுங்கி, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். கோபத்தில் ஒரு அடி கொடுத்துவிட்டேன். தொடையில்தான். சத்தம் வராமல் அழுதாள்.

"மாமா, நானும் ஒருக்கா அந்த இயர்போனைக் கேட்டுப் பாக்கட்டுங்களா?"

"நாந்தான் கேட்டாச்சே. தெளிவா இருக்குது. நீ குடுக்கற செல்லந்தான் கோளாறு."

அதற்கு அவள் ஏதாவது சொன்னாளோ என்னவோ, அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

23-12-2024

பாப்பா மறுபடி கைக்குப் போய்விட்டாள். தண்ணீருக்கு முஷ்டி, பாலுக்கு வேறு, தூக்கத்துக்கு வேறு. "தண்ணீ"யை இப்போது "ஆஈ" என்கிறாள். பத்து மாதம் மூச்சைக் கொடுத்துக் கட்டியது கண்முன்னால் உதிர்கிறது. ஏன் என்று புரியவில்லை. இரண்டு வயசு ஆகப்போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பயிற்சி கொடுக்கப் போகிறேன்.

30-12-2024

டீச்சரிடம் போனில் ஜோதிதான் பேசினாள். போன் விஷயமெல்லாம் எப்போதும் அவள்தான். உள்ளே வைத்த கருவியே பழுதாகியிருந்தால் மறுபடி ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம், எதற்கும் வரும் திங்கட்கிழமை மிஷினோடு வாருங்கள் என்றாராம்.

மறுபடி அந்தச் சின்னத் தலையைத் திறப்பதா?

6-1-2025, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டீச்சர் மிஷினைக் கழற்றி இயர்போனைச் செருகினார். "இன்னைக்குக் காலைல கேட்டீங்களா?" என்றார். கேட்டேன், தெளிவு என்றேன். "இப்ப ஒருக்கா கேளுங்க" என்று கொடுத்துவிட்டு, மைக்குக்கு முன்னால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார். நான் கேட்டேன். தினமும் கேட்பது போலத்தான் கேட்டது. "க்ளியருங்க" என்றேன்.

டீச்சர் வாங்கித் தன் காதில் வைத்தார். அவர் முகம் மாறியது. அதை ஜோதியிடம் நீட்டினார். ஜோதி ஒரு விநாடிதான் கேட்டாள்.

"என்னங்க டீச்சர் இது, கெணத்துக்குள்ள இருந்து பேசறாப்ல இருக்குதுங்க? ஒண்ணுமே வெளங்கலீங்களே!"

டீச்சர் மைக்கின் மேல் இருந்த கடுகளவு மூடியை ஊசியால் நெம்பி எடுத்தார். அடியில் வெள்ளையாக, கட்டியாகப் பஞ்சு. என் சட்டையில் ஒட்டிவரும் அதே பஞ்சு. மூடியை மாற்ற அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பாப்பாவுக்கு மாட்டிவிட்டு, டீச்சர் பின்னாலிருந்து ஸ் சொன்னார் போலிருக்கிறது, பாப்பா வெடுக்கென்று திரும்பினாள். அப்புறம் அந்த அறையில் இருந்த எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரித்தாள்.

பழுதானது உள்ளே வைத்த கருவி இல்லை. அது அவள் பிடிவாதமும் இல்லை. மிஷின் கெட்டுவிட்டது என்று நாலு வாரமாக அவள் கழற்றிக் கழற்றி என் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளை அடித்தேன்.

டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "உங்க காதை எப்பவாச்சும் டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா ஓவியா அப்பா?"

"எனக்கென்னங்க, நல்லாத்தானே இருக்கேன்" என்று சொன்னேன். ஜோதி என்னைப் பார்க்கவே இல்லை. டீச்சர் என் காதைப் பரிசோதிக்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

7-1-2025

ஒரு நாள் தூங்காமல் கிடந்தால்தான் சில விஷயத்தை எழுத முடிகிறது.

எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது பொய். நாலு வருஷமாகத் தெரியும். போனில் பேசுகிறவர் என்ன சொல்கிறார் என்று புரியாமல் போனதும் போனை ஜோதியிடம் தள்ளிவிட்டேன். ஆள் முகத்தைப் பார்த்தால் பேச்சு புரியும், முதுகைப் பார்த்தால் புரியாது. பட்டறையில் பாதிப் பேர் அப்படித்தான். மாதப்பண்ணன், "தறிக்காது வேலு, இதுக்கெல்லாமா டாக்டர்கிட்டப் போவாங்க?" என்று சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பாப்பாவுக்குக் காது கேட்காது என்று தெரிந்த அன்றிலிருந்து சிரிக்க முடியவில்லை. அப்பனுக்கும் கேட்காதாம் என்று ஒருவர் வாயில் விழுந்தால் போதும், பிள்ளைக்கு வந்ததே இவனிடமிருந்துதான் என்று ஊர் முடிவுகட்டிவிடும். ஊரை விடுங்கள், நானே முடிவுகட்டிவிடுவேன். அந்தப் பயத்தில்தான் எல்லாச் சத்தமும் கேட்பவன் மாதிரி நடந்தேன். காலையில் இயர்போனில் ஏதோ முணுமுணுப்பு வந்தால் போதும், சரி என்று டிக் போட்டேன். எனக்கு எது தெளிவு, எது மங்கல் என்று தெரிந்தால்தானே?

டிசம்பர் 2 முதல் நேற்றுக் காலை வரை "இயர்போன் சரி" என்று எழுதியதை எல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்தேன். முப்பத்தாறு நாள். ஜோதியை உட்கார வைத்து, மேலே எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

அவள் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியுமுங்க மாமா" என்றாள். "டிவி விஷயத்துலயே தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். அதுல எம்புள்ளைக்கு அஞ்சு வாரம் போயிருச்சு. நானும் சேந்துதானுங்க தப்புப் பண்ணேன்."

நாளையிலிருந்து இயர்போன் அவள் டிபார்ட்மெண்ட்.

8-1-2025

இயர்போன் சரி. ஆறும் சரி. — ஜோதிமணி

(மேலே உள்ளது அவள் கையெழுத்து. இனிமேல் காலைக் கணக்கு அவள், மற்றதெல்லாம் நான்.)

20-1-2025

புது விதிகள். பட்டறையிலிருந்து வந்ததும் வாசல் குழாயிலேயே குளியல். அதன் பிறகுதான் பிள்ளை. மைக் மூடி மாதம் ஒரு தடவை மாற்றம். காயிலைக் கழற்றிக் கொடுத்தால் முதலில் மிஷினைப் பார்ப்பது, பிறகுதான் பிள்ளையைப் பார்ப்பது. பாப்பா கையால் கேட்டாலும் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைச் சொல்லிக்கொடுப்பது. இதை டீச்சரிடம் சொன்னேன். "சரிங்க, இப்படியே போகலாம்" என்றார்.

"தண்ணீ" திரும்பி வந்துவிட்டது.

11-3-2025

இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுகிறாள். "ப்பா குளி." நான் வாசலில் கால் வைத்ததும் விரலை நீட்டி அதட்டுகிறாள்.

டீச்சர் கொடுத்த சீட்டு இன்னும் பையில்தான். பொங்கல் கழியட்டும் என்றேன், கழிந்தது. மார்ச் ஆகட்டும் என்றேன், ஆனது. சட்டையைத் துவைக்கும் போதெல்லாம் ஜோதி சீட்டை எடுத்து அடுத்த சட்டையில் வைத்துவிடுகிறாள்.

14-5-2025, புதன்

இன்று கோயம்புத்தூரில் ஓவியாவுக்குப் பரிசோதனை. மிஷின் போட்டு எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்பது. ஐந்து வாரம் போனது அவளை எவ்வளவு பாதித்தது என்று இதில்தான் தெரியும்.

சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய சின்ன அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதிக்கும் மேடம், பக்கத்தில் ஜோதி. இந்தப் பக்கம் நான், என் மடியில் ஓவியா. முன்னால் ஒரு வாளி, ஒரு கூடை நிறைய மரக்கட்டைகள். ஸ்பீக்கரில் சத்தம் வந்தால் அவள் ஒரு கட்டையை வாளியில் போட வேண்டும். மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார்: "அப்பா அசையவே கூடாது. சத்தம் வந்துச்சுன்னு தொடையை ஆட்டிக்கூடக் காட்டக் கூடாது."

முதலில் தடித்த சத்தம். எனக்குக் கேட்டது. கட்டை விழுந்தது. அப்புறம் கொஞ்சம் மெல்லியது. கேட்டது. கட்டை விழுந்தது.

அப்புறம் எதுவும் வரவில்லை. ஓவியா கட்டையைக் காதருகே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். திடீரென்று வாளியில் போட்டாள்.

சத்தமே இல்லையே, இவள் ஏன் போட்டாள்? அடுத்த கட்டையை எடுத்தாள், காத்திருந்தாள், போட்டாள். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி போட்டாள். கேட்காமலேயே கேட்டதாகக் காட்டுகிறாளோ? என்னைப் பார்த்தே பழகிக்கொண்டாளோ? கண்ணாடிக்கு அப்பால் பார்த்தேன். மேடம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஜோதி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை. நான் அசையவில்லை. ஓவியா ஒரு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் போடாமலே இருந்தாள், நான் மனசுக்குள் இருபது வரை எண்ணிவிட்டேன். அப்புறம் போட்டாள்.

கூடை காலியான பிறகு மேடம் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"சூப்பருங்க. இந்த வயசுக்கு இப்படி உக்காந்து கேக்கறதே பெரிசு. ரொம்ப மெல்லிசான சத்தமெல்லாம் புடிச்சுட்டா."

"சும்மா போடலீங்களா மேடம்?" என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

"நடுவுல வேணும்னே சத்தம் குடுக்காம நிறுத்திப் பாத்தேனுங்க. ஒண்ணுகூடப் போடலை. சத்தம் வந்தப்ப மட்டுந்தான் போட்டா."

ஜோதி உள்ளே ஓடிவந்து பிள்ளையை அள்ளிக்கொண்டாள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. வாளியில் கிடந்த கட்டைகளைப் பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் எனக்குக் கேட்காதவை. அத்தனையும் என் மகளுக்குக் கேட்டிருக்கிறது.

பையிலிருந்து சீட்டை எடுத்து மேடத்திடம் கொடுத்தேன். மடிப்பில் கிழிந்துபோயிருந்தது. "எனக்கும் பாத்துருங்க" என்றேன்.

அவர் என் காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார். ஜோதி அங்கே ஓவியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மேடம் கை பட்டனை அமுக்குவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்தே எல்லாவற்றுக்கும் கையைத் தூக்கிவிடலாம். பட்டறையில் கையைப் பார்த்தே பேசிய பதினைந்து வருஷப் பழக்கம், ஒன்றுகூடத் தப்பாது.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கேட்டதற்கு மட்டும் கையைத் தூக்கினேன். நிறைய நேரம் கை மடியிலேயே இருந்தது.